பேரனுக்குத் தராத உளி: புதுச்சேரி வட்டாரத் தச்சர் வாழ்வு

ஒரு கிராமத் தச்சரின் வாழ்க்கையை எழுத முற்படுகிறவருக்கு ஆவணம் என்று கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு நடைவண்டியாகத்தான் இருக்கும். அவர் செய்த கலப்பைகள் எப்போதோ அடுப்பெரிந்து முடிந்திருக்கும். மாட்டுவண்டிகளை விற்றிருப்பார்கள். நிலைக்கதவுகள் இன்னும் நிற்கலாம், ஆனால் அவை அடுத்தவர் வீட்டில் நிற்கும். அவர் வீட்டிலேயே தங்கிவிடுவது பேரப்பிள்ளைகள் தள்ளி நடை பழகிய அந்தச் சின்ன வண்டி மட்டும்தான். வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம் என்று புதுச்சேரியைச் சுற்றியுள்ள ஊர்களில் தச்சர் குடும்பங்களின் கதையைக் கேட்கப் போகிறவர் முதலில் பரணைப் பார்க்கக் கேட்பது நல்லது.

நடைவண்டி செய்வது பார்வைக்குத்தான் எளிது. மூன்று சக்கரம், ஒரு சட்டம், பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. சக்கரம் அச்சில் தளர்வாக ஓடினால் வண்டி குழந்தையை முந்திக்கொண்டு போகும், பிள்ளை குப்புற விழும். இறுகிப் போனாலோ தள்ளவே முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இழுவை வேண்டும். அதை அளக்கக் கருவி ஏதும் கிடையாது. சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டு அது எப்படி நிற்கிறது என்று பார்த்து, துளையை இன்னும் ஒரு மயிரிழை தேய்ப்பதா வேண்டாமா என்று தச்சர் முடிவு செய்வார். கைப்பிடியின் உயரம் எந்தப் பிள்ளைக்குச் செய்கிறாரோ அந்தப் பிள்ளையின் நெஞ்சளவு. விளிம்பெல்லாம் சிராய் குத்தாதபடி இழைத்திருக்க வேண்டும். பிள்ளை வாயில் வைக்கும் என்பதால் வெளியே தெரியும்படி இரும்பு ஆணி அடிப்பதில்லை, மர ஆணிதான். ஊராருக்குச் செய்த வண்டிக்குக் கூலி உண்டு. இதற்கு இல்லை. அதனாலேயே தொழிலின் நுட்பம் முழுதும் அவசரமில்லாமல் இறங்கிய பொருள் இதுவாக இருந்துவிடுகிறது.

கிராமத் தச்சரின் ஆண்டு, உழவனின் ஆண்டோடு சேர்ந்தே ஓடியது. மழைக்கு முன் கலப்பை வேலை குவியும். தேய்ந்த கலப்பைக்குப் புதுக்கட்டை, மேழிக்குப் பிடி, ஏர்க்கால், நுகத்தடி. மரம் ஒவ்வொன்றுக்கும் வேறு. மண்ணைக் கிழிக்கும் கட்டைக்குக் கருவேலம் வேண்டும், ஏனென்றால் அது கல்லோடு உரசித் தாங்கும். மாட்டின் கழுத்தில் ஏறும் நுகத்தடிக்குக் கனமில்லாத நுணா போதும். வீட்டு வேலைக்குப் பூவரசு, வேம்பு, பலா. கூரைக்குப் பனை, அதுவும் கிழட்டுப் பனை, உள்ளே வைரம் பாய்ந்து கறுத்தது. இளம்பனையில் சட்டம் போட்டால் சில ஆண்டுகளில் உளுத்துப் பொடியாகிவிடும். வெட்டிய மரத்தைக் குளத்திலோ ஏரியிலோ ஊறப்போட்டு, சாறு இறங்கியபின் எடுத்து நிழலில் காயவைப்பார்கள். இந்தக் காத்திருப்பையும் சேர்த்துத்தான் வேலை. இன்று பட்டறைக்கு வந்து மறுநாளே கட்டில் கேட்கும் வாடிக்கையாளருக்கு இது புரிவதில்லை.

வண்டிச்சக்கரத்தில் சற்று நிற்க வேண்டும், ஏனெனில் கிராமத் தச்சின் உச்சம் அதுதான். நடுவில் குடம். குடத்தில் வெட்டிய துளைகளில் ஆரக்கால்கள் செருகி நிற்கும். ஆரக்கால்களின் மறுமுனைகள் வளைந்த வட்டைத் துண்டுகளில் ஏறும். எல்லாம் சேர்ந்தும் சக்கரம் இன்னும் தளர்ந்துதான் இருக்கும். அதை இறுக்குவது மரமன்று, இரும்பு. சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றுக் குறைவாகக் கொல்லர் இரும்புப் பட்டாவை வளைத்துச் சேர்ப்பார். அதை எரு, விறகு மூட்டிச் செக்கச் சிவக்கக் காய்ச்சினால் விரியும். விரிந்த பட்டாவை இடுக்கியால் தூக்கி வட்டையின்மேல் இறக்கி, மரம் பற்றி எரியத் தொடங்குமுன் தண்ணீரை ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கும்போது ஒவ்வொரு ஆரக்காலும் தன் துளைக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கி உட்காரும். பட்டாவின் சுற்றளவு மிகுந்தால் சக்கரம் ஆடும். குறைந்தால் ஆரம் தெறிக்கும் அல்லது வளையும். கணிதம் எழுதிப் படிக்காதவர்கள் வெப்பத்தால் உலோகம் எவ்வளவு விரியும் என்பதை விரல்கடைக் கணக்கில் வைத்திருந்தார்கள். தச்சரும் கொல்லரும் ஒருவர் கணக்கை ஒருவர் அறிந்திருந்தால்தான் இந்த வேலை நடக்கும். கம்மாளர் என்ற ஒரே பெயருக்குள் தச்சர், கொல்லர், தட்டார், கன்னார், கல்தச்சர் ஐவரும் வந்ததற்கு இப்படிப்பட்ட உழைப்புறவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கூலி காசாக வந்தது குறைவு. அறுவடையின்போது களத்துமேட்டில் நெல்லைப் பங்கிடும் முன் ஊர்த் தொழிலாளர்க்கு உரிய அளவு எடுத்துவைக்கப்படும். தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், வெட்டியார் என ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. இந்த ஏற்பாட்டுக்கு எழுத்துச் சான்று பக்கத்திலேயே இருக்கிறது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலப் பொறியாளர் செங்கல்பட்டுச் சீமையின் சுமார் 2,000 ஊர்களை அளந்து எழுதிய கணக்கில், விளைச்சலிலிருந்து தச்சருக்கும் கொல்லருக்கும் போன பங்குகள் குறிக்கப்பட்டுள்ளன. ஊர்ப் பொருளாதாரத்தில் தச்சரின் இடம் உறுதியாக இருந்தது என்பதற்கு இது சான்று. அந்தப் பங்கு பிறப்போடு கட்டப்பட்டிருந்தது என்பதையும் அதே கணக்குதான் காட்டுகிறது. விளைச்சல் பொய்த்தால் பங்கும் பொய்க்கும். மிராசுதாரரோடு பகைத்துக்கொண்டால் வேறு ஊருக்குப் போவது எளிதல்ல. பழைய கிராமத்தைத் தன்னிறைவுச் சொர்க்கமாக எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விடுகிறார்கள்.

புதுச்சேரி நகரம் இந்தக் கட்டிலிருந்து வெளியேற ஒரு வழியாயிற்று. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கோட்டை, கிடங்கு, கப்பல் பழுது என்று ஓயாத மரவேலை இருந்தது. 1761இல் ஆங்கிலேயர் நகரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் ஊர் திரும்பக் கிடைத்தபின் ழான் லா த லொரிஸ்தோன் காலத்தில் மறுபடியும் கட்டினார்கள். இடிந்த ஊரை எழுப்பத் தச்சர்களும் கொத்தனார்களும் எத்தனை பேர் தேவைப்பட்டிருப்பார்கள்! கடல் கடந்தும் போனார்கள். அன்று ஈல் த பிரான்ஸ் எனப்பட்ட மொரீசியசில் 1735 முதல் 1746 வரை ஆளுநராக இருந்த மஹே த லபூர்தொனே, போர்ட் லூயி துறைமுகத்தை எழுப்பியபோது புதுச்சேரிப் பகுதியிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார். கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் கதைக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முந்தியது இந்தப் பயணம்.

நகரின் தமிழ்ப் பகுதியில் நடந்தால் இவர்களின் கைவேலை இப்போதும் தலைக்குமேல் இருக்கிறது. தெருவைப் பார்த்த திண்ணை, அதற்கு முன்னால் மரத்தூண் தாங்கும் தாழ்வாரம், தூணின் தலையில் போதிகை, உள்ளே முற்றம். கூரை மெட்ராஸ் தளம். நெருக்கமாக மரச்சட்டங்களை அடுக்கி, அவற்றின்மேல் சிறு செங்கல்லைக் குத்துவாக்கில் சாய்வரிசையாகச் சுண்ணாம்புக் கலவையில் பதித்துத் தளம் போடுவது. இதில் சட்டத்தின் இடைவெளியைத் தச்சர் கணித்தபடிதான் கொத்தனார் வேலை அமையும். ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையில் கீழ்த்தளத்துத் தூண்கள் தமிழ்முறையில் செதுக்கிய மரம், மேல்தளத்துத் தூண்கள் பிரெஞ்சு முறையில் எழுப்பிய கட்டுமானம். 1736 முதல் 1761 வரை பிள்ளை எழுதிய நாட்குறிப்பு அந்நாளைய நகரத்தை நமக்குக் கண்முன் நிறுத்துகிறது. பிரபஞ்சன் தம் வரலாற்று நாவல்களை அதிலிருந்தே எழுப்பினார். மாளிகைக்குப் பிள்ளை பெயர், தெருவுக்கும் பிள்ளை பெயர். தூணைச் செதுக்கியவருக்கு ஒரு சந்துகூட இல்லை.

இது எப்போதும் இப்படித்தான் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ‘வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன்’ என்ற பெயர் இருக்கிறது. அவரோடு வேலை செய்த வேறு இரு பெருந்தச்சர்களின் பெயர்களும் உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஓர் அரசன் பதியத் தகுந்தது என்று கருதியதைப் பின்வந்த ஆட்சிகள் கருதவில்லை, அவ்வளவுதான்.

தச்சர் நூலறிவு எங்கே இருந்தது என்ற கேள்விக்கும் புதுச்சேரியிலேயே ஒரு விடை உண்டு. 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், மயமதம் என்ற கட்டடக்கலை நூலைப் புருனோ தாழான் செம்மையாக்கிப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பதிப்பை 1970களில் வெளியிட்டது. நான்கு வகைக் கைவினைஞரை அந்நூல் வகுக்கிறது. திட்டமிட்டு நடத்தும் ஸ்தபதி, நூல்பிடித்து அளக்கும் சூத்திரகிராகி, மரமும் கல்லும் வெட்டும் தட்சகன், வெட்டியவற்றைச் சேர்த்துப் பொருத்தும் வர்த்தகி. சூத்திரகிராகி என்பவர் ஸ்தபதியின் மகனாகவோ மாணவராகவோ இருப்பார் என்கிறது நூல். மகனாகவோ மாணவராகவோ. அந்த ‘ஓ’வில் ஒரு கதவு திறந்திருந்தது. நடைமுறையில் அந்தக் கதவை மூடிவைத்தது சாதி. மர இணைப்புக்கென்றே நூலில் தனி அத்தியாயம் உண்டு. வில்லியனூர்ப் பட்டறையில் கழுந்தைச் செதுக்கித் துளையில் இறக்கிய தச்சர் அந்த வடமொழி அத்தியாயத்தைப் படித்திருக்க மாட்டார். அவர் படித்தது அப்பாவின் கையையும் தாத்தாவின் கையையும். விரல், சாண், முழம் என்று உடம்பிலேயே அளவுகோலை வைத்திருந்தவர்களுக்கு ஏட்டின் தேவை வேறு வகையானது.

இங்கே ஒரு வெளிநாட்டவரைச் சொல்லியாக வேண்டும். ஜார்ஜ் நக்காஷிமா 1905இல் அமெரிக்காவின் ஸ்போகேனில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். எம்.ஐ.டி.யில் கட்டடக்கலை படித்தவர். டோக்கியோவில் அந்தோனின் ரேமண்டு என்ற செக் கட்டடக்கலைஞரின் அலுவலகத்தில் வேலை செய்தபோது, அரவிந்தர் ஆசிரமத்தின் தங்குமனையான கோல்கொண்டாவைக் கட்டும் பொறுப்பு அந்த அலுவலகத்துக்கு வந்தது. ஐதராபாத் நிஜாமின் நன்கொடையால் எழுந்த கட்டடம் என்பதால் அந்தப் பெயர். 1937இல் நக்காஷிமா புதுச்சேரி வந்தார். வேலைக்கு வந்தவர் ஆசிரமவாசி ஆனார். அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தர் என்று பெயர் சூட்டினார். கான்கிரீட்டில் எழுந்த அந்தக் கட்டடத்தில் வெயிலை மறித்துக் காற்றை விடும் கிடைப்பலகைகள் வெளிப்பக்கம் இருக்க, அறைகளுக்குத் தேக்குச் சட்டங்களாலான நகர்த்துக் கதவுகள். சாத்தினாலும் காற்று உள்ளே வரும், ஆனால் பார்வை வராது. நம் வெயிலையும் கடல்காற்றையும் ஒரு கதவு இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அறைகளுக்கான மரச்சாமான்களையும் நக்காஷிமா வடிவமைத்தார்.

1939இல் அவர் புறப்பட்டார். போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தபோது 1942இல் மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமுக்குப் போனார். அங்கே ஜப்பானிய மரபில் பயின்ற கெந்தாரோ ஹிக்கோகாவா என்ற தச்சரிடம், கிடைத்த கழிவு மரத்தில், அந்த மரபுத் தச்சு நுட்பங்களைக் கற்றுக்கொண்டார். பின்னர் பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் பட்டறை வைத்து உலகப் புகழ் பெற்றார். 1964இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்தார். அவர் கனவு கண்ட அமைதி மேசைகளில் ஒன்று, அவர் மறைந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1996இல் ஆரோவில் வந்து சேர்ந்தது. முகாமில் கைக்குழந்தையாக இருந்த மகள் மீரா, ஹார்வர்டில் படித்தபின் அப்பாவின் பட்டறையை ஏற்று நடத்துகிறார்.

நக்காஷிமாவை நான் மதிக்கிறேன். அவர் வாழ்க்கையை முன்வைத்து நம் தச்சர்களைப் பார்க்கும்போதுதான் ஒன்று தெளிவாகிறது. அவர் படிப்பிலிருந்து உளிக்கு வந்தார், மகளும் அப்படியே. அது அவர்களின் விருப்பத் தேர்வு. நம் ஊர்த் தச்சர் பிறந்தபோதே உளி கையில் இருந்தது. அதைக் கீழே வைப்பதுதான் அவர் செய்ய முடிந்த ஒரே தேர்வு, அதையும் பேரனுக்காகவே செய்தார்.

1953இல் சென்னை மாகாணத்தில் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் இந்த இடத்தில் நினைவுக்கு வர வேண்டும். பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில், மீதி நேரம் தகப்பன் தொழிலில். குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் திராவிட இயக்கமும் எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் திட்டம் இங்கே நுழையவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள், நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. அந்தத் தலைமுறைத் தச்சர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் பள்ளிக்கு முழுநேரமாகப் போனவர்கள்.

கைத்தொழிலின் அழிவுக்காக வருந்தும் கட்டுரைகள் இந்த முடிவை ஏதோ நவீனத்தின் தாக்குதல் போல எழுதிவிடுகின்றன. டிராக்டர் வந்தது, கலப்பை போனது உண்மை. தொழிற்சாலையில் ஒட்டுப்பலகைக் கதவும் பிறகு பிளாஸ்டிக் கதவும் வந்ததும் உண்மை. ஆனால் பட்டறை வாரிசின்றி நின்றதற்குப் பெரிய காரணம் தாத்தாவின் பாசம். குனிந்து இழைத்து இழைத்து முதுகு வளைந்தவர், மரத்தூளில் இருமியவர், வேலை செய்த வீட்டில் திண்ணையைத் தாண்டி உள்ளே உட்காரச் சொல்லப்படாதவர், ‘இது என்னோட போகட்டும்’ என்று நினைத்ததில் என்ன தவறு? பேரனுக்கு நடைவண்டி செய்து கொடுத்தவர், உளியைக் கொடுக்கவில்லை. கொடுக்காததும் பாசம்தான். தச்சு வேலையைப் போற்றுகிற நாம் இதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

அரசுகள் இப்போது மீண்டும் கைவினைஞர்களை நோக்கித் திரும்பியிருக்கின்றன. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டம் தச்சு உள்ளிட்ட 18 தொழில்களுக்குக் கருவி வாங்க 15,000 ரூபாயும் குறைந்த வட்டியில் கடனும் தருகிறது. குடும்ப வழித் தொழில் என்ற நிபந்தனையைக் காட்டித் தமிழ்நாடு அதை ஏற்க மறுத்து, சாதி பாராமல் 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியே ஒன்றை அறிவித்தது. பதினெட்டு வயதுப் பையனைப் பரம்பரைத் தொழிலுக்கு இழுக்கக் கூடாது என்பதே வயது வரம்பின் நோக்கம். இந்த எச்சரிக்கை சரியானது. அதோடு நிற்பது போதாது. விரும்பும் யாரும் எந்தச் சாதியிலிருந்தும் வந்து நல்ல தச்சரிடம் சம்பளத்தோடு பயில இடம் வேண்டும். மயமதத்தின் அந்த இரண்டாவது ‘ஓ’வைத் திறப்பது அப்போதுதான் நடக்கும்.

தேவை கண்முன் இருக்கிறது. மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு 1980களிலிருந்து புதுச்சேரியின் பழைய வீடுகளைச் சீரமைத்து வருகிறது. வைசியாள் வீதி என்றும் கால்வே சுப்பராய செட்டி வீதி என்றும் அறியப்படும் தெருவின் முகப்புச் சீரமைப்புக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. அத்தகைய வேலைக்கு மரத்தூணின் அடியில் உளுத்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, நல்ல மரத்தை ஒட்டுவெட்டில் இணைத்து, சுமை இறங்கும் திசையைக் கெடுக்காமல் நிறுத்தத் தெரிந்த கை வேண்டும். அப்படிப்பட்ட கைகள் பெரும்பாலும் முதியவர்களுடையவை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறி முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாமரம் கதவுக்கும் தூணுக்கும் வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆகும். மரமும் கையும் ஒரே காலத்தில் அருகிவிட்டன.

சொற்களும் போய்க்கொண்டிருக்கின்றன. எழுத்தாளர் கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை வெளியிட்டார். பின்னாளில் புதுச்சேரிக்கு வந்து பல்கலைக்கழகத்தில் நாட்டார் கதைகளைத் திரட்டி, 2021இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார். அவர் கரிசலுக்குச் செய்ததைப் புதுச்சேரி-கடலூர்ப் பட்டறைகளுக்கு யாராவது செய்ய வேண்டும். இழைப்புளியின் வகைகள், வாய்ச்சியின் பிடிக்கு எந்த மரம், ஒரே வெட்டுக்கு ஊருக்கு ஊர் என்ன பெயர், மரத்தின் ஓட்டம் மாறும் இடத்தில் உளியை எப்படித் திருப்புவது என்பதையெல்லாம் ஒலிப்பதிவோடும் படத்தோடும் சேர்க்க வேண்டும். கேட்பவர் பேரனாகவோ பேத்தியாகவோ இருந்தால் தாத்தா இன்னும் கூடுதலாகச் சொல்வார்.

வீட்டைச் சீரமைக்கும்போது செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அதற்குச் செலவும் இல்லை. நிலையையோ உத்திரத்தையோ கழற்றினால் கழுந்தின் தோளிலும் துளையின் விளிம்பிலும் உளியால் போட்ட சிறு கீறல்கள் தெரியும். இதற்கு இது என்று பொருந்துவதற்காகத் தச்சர் இரு துண்டுகளிலும் ஒரே அடையாளமாக இடுவது. ஒரு கோடு, இரு கோடு, ஒரு சாய்கோடு என்று இருக்கும். புதுப்பித்த மரத்தை உப்புத்தாளால் தேய்த்து மெருகெண்ணெய் பூசும்போது இவை முதலில் அழிந்துவிடும். பழைய கதவுகளைக் கழற்றிக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பழம்பொருள் கடைகளுக்கு அனுப்பும்போதும் இதே கதிதான். தேய்க்கும் முன் ஒரு படம் எடுத்து, எந்தத் தெரு, எந்த வீடு, எந்தத் தூண் என்று எழுதிவைத்தால் ஒரே கை எத்தனை வீடுகளில் வேலை செய்தது என்பதை ஒப்பிட்டுச் சொல்ல முடியும். இன்று அதைப் புதுப்பிக்கிற தச்சரின் பெயரையும் ஆண்டையும் அந்தப் பதிவிலேயே சேர்த்து, மூடப்போகும் கழுந்தின் பக்கத்தில் அவர் கையாலேயே செதுக்கச் சொல்லலாம்.